பதிவர்கள் ஏன் எழுதுவதை நிறுத்தினார்கள்?

கேள்வி இதுதான்: "2008, 2010 வாக்கில் தமிழில் நிறையப் பேர் வலைப்பதிவு எழுதினார்கள், தமிழ்மணம் மாதிரித் திரட்டிகளில் (பல பதிவுகளின் புது எழுத்தை ஒரே பக்கத்தில் காட்டும் தளங்களில்) நாள் முழுக்கக் கூட்டம் இருந்தது என்கிறார்கள். அவர்கள் எல்லாம் ஏன் எழுதுவதை நிறுத்தினார்கள்? ஃபேஸ்புக் வந்ததுதான் காரணமா? மறுபடி அப்படி ஒன்றைக் கொண்டுவர முடியுமா?"

ஃபேஸ்புக் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அது பதிவர்கள் போய்ச் சேர்ந்த இடம். கிளம்பியதற்கான காரணம் வேறு, அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இந்த மாதிரி எந்தக் கூட்டத்திலும் பழைய ஆட்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், சலிப்பு என்று ஆயிரம் இருக்கிறது. எழுத வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்வது இயல்பு. தமிழ்மணத்தின் நல்ல காலத்திலும் பழையவர்கள் போனார்கள். அப்போது அந்த இடத்தை நிரப்பப் புதியவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள். எப்போது புதிதாக வந்தவருடைய முதல் பதிவை யாரும் படித்துப் பதில் சொல்லாமல் விட்டோமோ, அப்போதே சரிவு ஆரம்பித்துவிட்டது என்பது என் கருத்து. மற்ற காரணங்கள் எல்லாம் இதை வேகப்படுத்தியவை.

எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் எப்படி நின்றது என்பது புரியும். தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் தொடங்கின. அதற்கு முன்பு மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாகூ குழுமங்கள் இருந்தன. அங்கே டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தின் எழுத்துருவை நிறுவியிருந்தால்தான் படிக்க முடியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவி, எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருளும், சுரதாவின் எழுத்துரு மாற்றியும் கைக்கு வந்தபிறகு, கணினி இருக்கும் எவரும் கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாக்ஸ்பாட்டில் கணக்குத் தொடங்கித் தமிழில் எழுத முடிந்தது. ஆனால் எழுதினால் யார் படிப்பது? ஒவ்வொருவர் முகவரியும் தெரிந்திருந்தால்தானே போய்ப் படிக்க முடியும்? 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அதைத் தீர்த்தது. பதிவுகளின் ஓடைகளை (புதிதாக எழுதியதைத் தானாக வெளியே அனுப்பும் 'ஃபீட்') இழுத்து, புதிய இடுகைகளின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டியது. அப்புறம் தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என்று வரிசையாக வந்தன. தமிழிஷ் பின்னாளில் இன்ட்லி ஆனது.

தமிழ்மணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது முகப்பின் இன்னொரு பகுதி. கடைசியாக எந்த இடுகைக்கு மறுமொழி வந்ததோ அதைக் காட்டும் பட்டியல். இரண்டு நாள் பழைய இடுகையாக இருந்தாலும், ஒருவர் போய் ஒரு பின்னூட்டம் போட்டால் அது மறுபடி மேலே வரும். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். எழுதியவர் பதில் சொன்னால் மறுபடி மேலே வரும். அந்தப் பட்டியல் இருந்ததால்தான் ஒரு இடுகையில் பேச்சு இரண்டு மூன்று நாள் நீண்டது. முதல் பின்னூட்டம் என்னுடையது என்று காட்ட "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஓடிவந்து போடுவதும், நடுராத்திரி கூட்டமாக அரட்டைப் பின்னூட்டம் போட்டுக் கும்மி அடிப்பதும் இந்த ஏற்பாட்டால் வளர்ந்தவைதான். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது வெட்டி அரட்டையாகத் தெரிந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது அந்த அரட்டையில்தான். அதே அரட்டைதான் பிறகு மெரினா காந்தி சிலை அருகே நடந்த பதிவர் சந்திப்புகளாகவும், 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பதிவர் பட்டறையாகவும், ஈரோட்டிலும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நடந்த சந்திப்புகளாகவும் வளர்ந்தது.

அந்த நாட்களில் ஒருவர் முதல் இடுகை போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தலைப்பு பெரும்பாலும் "வணக்கம்" என்றோ "முதல் முயற்சி" என்றோ இருக்கும். உள்ளே பத்து வரி, அதில் ஆறு எழுத்துப்பிழை. அரை மணி நேரத்தில் ஒருவர் வருவார்: "வாங்க வாங்க! நல்லா எழுதுறீங்க, தொடர்ந்து எழுதுங்க. வேர்ட் வெரிஃபிகேஷனை மட்டும் எடுத்துடுங்க, பின்னூட்டம் போடச் சிரமமா இருக்கு." (போடுபவர் மனிதர்தானா என்று பார்க்க, கோணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சோதனை அது.) அடுத்து ஒருவர் தமிழ்மணத்தில் இணைப்பது எப்படி என்று சொல்வார். மூன்றாமவர் "எந்த ஊரு?" என்று கேட்பார். சொன்னால் அந்த ஊர்க்காரர் நாலாவதாக வந்து சேர்வார். முன்பின் தெரியாத நான்கு பேர் நம் பத்து வரியைப் படித்திருக்கிறார்கள் என்றால், அன்று ராத்திரியே இரண்டாவது இடுகைக்குக் கை துறுதுறுக்கும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, யாரும் சம்பளம் வாங்கவில்லை. புதிய ஆள் வந்தால் போய்ப் பார்ப்பது பழக்கமாக இருந்தது, அவ்வளவுதான். பின்னாளில் வலைச்சரம் அதையே முறையாகச் செய்தது. வாரத்துக்கு ஒருவர் ஆசிரியர் பொறுப்பேற்று, தான் படித்த பதிவுகளை, குறிப்பாகப் புதியவர்களை, அறிமுகம் செய்வார்.

இது எப்படிக் கெட்டது? முதலில் எண்ணிக்கை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: முகப்பில் 50 தலைப்புகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 50 இடுகைகள் வந்தால் ஒவ்வொரு தலைப்பும் ஒரு நாள் முழுக்க நிற்கும். 500 வந்தால் இரண்டரை மணி நேரம்கூட நிற்காது. அதிலும் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் போட்டால் அரை மணிதான். தளம் வளர வளர ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைகிறது. நாலு நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கும் செய்தித்தாளில் இருந்து வெட்டி ஒட்டிய துணுக்குக்கும் முகப்பில் ஒரே அளவு இடம், ஒரே அளவு நேரம். இது தெரிந்ததும் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். தலைப்பில் நடிகை பெயரை வைத்தார்கள், "18+" என்று போட்டார்கள், புதுப்படத்துக்கு இடைவேளையிலேயே விமர்சனம் எழுதினார்கள், பிரபலமான பதிவரின் பெயரைத் தலைப்பில் இழுத்துச் சண்டை பிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் பலன் கிடைத்தது. பொறுமையாக எழுதியவர்கள்தான் முதலில் சோர்ந்தார்கள்.

இரண்டாவது, ஓட்டு. நல்ல இடுகைகள் முகப்பில் நிற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் திரட்டிகள் வாசகர் பரிந்துரையைக் கொண்டுவந்தன. இடுகையின் கீழே ஓட்டுப் பட்டை வந்தது. நடந்தது என்னவோ மொய்க் கணக்கு. நீ என் இடுகைக்கு வந்து எழுதினால் நான் உன் இடுகைக்கு வர வேண்டும், வராவிட்டால் மனத்தாங்கல். "அருமை, த.ம. 3" என்று ஒரு வரிப் பின்னூட்டம் பார்த்திருப்பீர்கள். தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டை நான்தான் போட்டேன், குறித்துக்கொள் என்று அர்த்தம். மொய் நோட்டில் பெயர் எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பத்து நண்பர்கள் இருக்கும்போது வாரத்துக்கு இருபது இடுகை படிப்பது சந்தோஷம். அறுபது பேர் ஆகி, ஆளுக்கு வாரம் இரண்டு எழுதினால், நாளைக்குப் பதினேழு இடுகை படித்துப் பதினேழு பின்னூட்டம் போட வேண்டும். யாராலும் முடியாது. அதனால் படிக்காமலே "பகிர்வுக்கு நன்றி" என்று போட்டார்கள். எழுதியவருக்கும் அது தெரியும், சிரிப்பான் போட்டுவிட்டுப் போவார். இருபது பின்னூட்டம் வந்தும் ஒருவர்கூடத் தான் எழுதியதைப் பற்றிப் பேசவில்லை என்பது, பின்னூட்டமே வராமல் இருப்பதைவிடக் கசப்பானது. நன்றாக எழுதிய எத்தனையோ பேர் இந்தக் கட்டத்தில்தான் "கொஞ்ச நாள் இடைவெளி" என்று அறிவித்துவிட்டுப் போனார்கள். அந்த இடைவெளி முடியவே இல்லை.

இந்த வட்டத்துக்குள் புதியவருக்கு எங்கே இடம்? அவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, எனவே யாரும் அவருக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. பழையவர்கள் இருக்கிற பாக்கியையே தீர்க்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். 2011, 2012-ல் புதிதாக வந்த பலருடைய முதல் இடுகைகளைத் திறந்து பாருங்கள், "0 கருத்துகள்" என்று இருக்கும். ஒன்றிரண்டு இருந்தாலும் "என் பதிவுக்கும் வாருங்கள்" என்று முகவரியோடு இருக்கும். மூன்று இடுகை போட்டுவிட்டு நின்றுபோன பதிவுகள்தான் அந்தக் காலத்தில் அதிகம். இவர்கள் ஃபேஸ்புக்கால் போனவர்கள் இல்லை. இங்கே யாரும் கண்டுகொள்ளாததால் போனவர்கள்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தொடர்ந்து தொகுப்பவர்கள் 2007-ல் 51,000-க்கும் மேல் இருந்தார்கள், 2013-ல் அது சுமார் 31,000 ஆகிவிட்டது. இத்தனைக்கும் படிப்பவர்கள் குறையவே இல்லை. ஆரன் ஹாஃப்பேக்கரும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தைத் தேடியது. விஷமத் தொகுப்புகளைத் தடுக்கக் கொண்டுவந்த தானியங்கிக் கருவிகளும் கறாரான விதிகளும், நல்ல நோக்கத்தோடு வந்த புதியவர்களின் முதல் தொகுப்புகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டன, தள்ளப்பட்டவர்கள் மறுபடி வரவில்லை என்பது அதன் சாரம். நம் இடத்தில் அலட்சியம், அங்கே கெடுபிடி. வந்தவர் தங்கவில்லை என்பது இரண்டிலும் ஒன்று.

சண்டைகளைப் பற்றியும் கேட்பீர்கள். சாதி, திராவிடம், ஈழம், ரஜினி-கமல், இளையராஜா-ரகுமான் என்று சண்டை இல்லாத வாரமே கிடையாது. சண்டையால்தான் பதிவுலகம் அழிந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நேர்மையான சண்டை ஆட்களைக் கட்டிப்போடும். எதிராளிக்குப் பதில் சொல்வதற்காகவே நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து எழுதியவர்கள் உண்டு. கெடுத்தது வேறு. ஒருவருடைய பெயரையும் படத்தையும் திருடிப் போலிக் கணக்குத் தொடங்கி, அவர் எழுதியது போலவே ஆபாசமாகப் பின்னூட்டம் போடுவது நடந்தது. அனானி (பெயர் சொல்லாதவர்) என்ற பெயரில் வீட்டுப் பெண்களை இழுப்பது நடந்தது. "புனைவு" என்று மேலே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, இன்னார் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெண் பதிவர்களைக் கேவலப்படுத்துவது நடந்தது. பெண்கள் படத்தை எடுத்தார்கள், பிறகு பெயரை மாற்றினார்கள், பிறகு பதிவையே அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று பூட்டினார்கள். கடைசியில் போய்விட்டார்கள். அவர்கள் போனபோது பெரிய சத்தம் எதுவும் எழவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. "இதெல்லாம் இணையத்தில் சகஜம், கண்டுக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்த ஆறுதல் யாரையும் காப்பாற்றவில்லை. இதற்குப் பயந்து மற்றவர்கள் பின்னூட்ட மட்டுறுத்தலைப் போட்டார்கள். அது தேவைதான். ஆனால் பதிவர் தூங்கி எழுந்து அனுமதிக்கும்வரை பேச்சு நின்றது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதில் என்று ஓடிய உரையாடல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆனது.

எழுதியவர்களில் பெரும்பகுதி யார் என்பதையும் மறக்கக்கூடாது. இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள், கணினியும் இணையமும் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைத்த ஆட்கள்தான் நிறைய. அதனால்தான் வேலை நாட்களில் தமிழ்மணம் களைகட்டும், சனி ஞாயிறில் காத்தாடும். பல நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டைத் தடை செய்தன. அதே சமயம் இந்த ஆட்களுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, வேலையில் பொறுப்பு கூடியது. ஒரே வயதுக்காரர்கள் ஒன்றாக வந்து சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்பவும் செய்வார்கள். கீழே இருபது வயதுக்காரர்கள் வந்துகொண்டிருந்தால் இது தெரியாது. வரவில்லை, அதனால் தெரிந்தது.

தொழில்நுட்ப அடிகள் தனிக்கதை. 2010 பிப்ரவரியில் கூகுள் பஸ் வந்தது. ஜிமெயிலுக்குள்ளேயே நாலு வரி எழுதினால் நண்பர்கள் உடனே வந்து பேசினார்கள். தலைப்பு வேண்டாம், படம் வேண்டாம், திரட்டியில் இணைக்க வேண்டாம், ஓட்டும் வேண்டாம். பதிவுலகத்தின் கலகலப்பான ஆட்கள் கூட்டமாகப் பஸ்ஸில் ஏறினார்கள். எழுத்து பதிவில் தொடர்ந்தாலும் பேச்சு வெளியே போய்விட்டது. மறுமொழிப் பட்டியலை நம்பி இயங்கிய தமிழ்மணத்துக்கு இதுதான் பெரிய அடி என்பேன், ஃபேஸ்புக்கின் அடி இதற்கு அப்புறம்தான். அடுத்த ஆண்டே கூகுள் பஸ்ஸை மூடிவிட்டது. ஆனால் அதில் போனவர்கள் பதிவுக்குத் திரும்பவில்லை. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸுக்கும் ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் பிரிந்து போனார்கள்.

2012 தொடக்கத்தில் இன்னொன்று. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு பிளாக்ஸ்பாட் முகவரி ".காம்" என்பதில் இருந்து ".இன்" என்று தானாக மாறும்படி கூகுள் செய்தது. காரணம், ஒரு நாட்டின் சட்டப்படி நீக்க வேண்டியதை அந்த நாட்டில் மட்டும் நீக்கும் வசதி. பதிவர்களுக்கு இதன் விளைவு என்ன? திரட்டியில் பதிந்த முகவரி ஒன்று, வாசகர் திரையில் தெரியும் முகவரி வேறொன்று. ஓட்டுப் பட்டை வேலை செய்யவில்லை, இடுகையை இணைக்கப் போனால் இது யாருடைய பதிவு என்று திரட்டிக்குத் தெரியவில்லை. நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பதிவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் நாலு வரி நிரலை ஒட்டி ".காம்" முகவரிக்கே திருப்பிவிடும் வழியைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். தொழில்நுட்பம் எழுதும் பதிவர்களுக்கு அந்த மாதம் முழுக்க இதே வேலை. ஆனால் வார்ப்புருவைத் திறக்கவே பயப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் நிறையப் பேர் எழுதிக்கொண்டிருந்தார்களே, அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ".இன்" முகவரியைக் கூகுள் பின்னாளில் கைவிட்டது, 2020-ல் அந்தப் பெயர் வேறு யாரோ கைக்குப் போயிற்று. அந்த முகவரியோடு கொடுத்திருந்த பழைய இணைப்புகள் எல்லாம் செத்துவிட்டன.

பிடித்த பதிவுகளின் புது இடுகைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டது. திரட்டிப் பக்கம் வராமல், தனக்குப் பிடித்த நாற்பது ஐம்பது பேரை மட்டும் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்த நல்ல வாசகர்கள் அதில்தான் இருந்தார்கள். 2019-ல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதோடு இணைத்து வைத்திருந்த பதிவுகளின் பின்னூட்டங்களும் அழிந்தன. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பேச்சு ஒரே நாளில் போனது.

இதற்கு நடுவே எல்லோரும் கணினியை விட்டுக் கைபேசிக்கு மாறினார்கள். ஆரம்பகால ஆண்ட்ராய்டு பேசிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. ஓப்பரா மினியை நிறுவி, அதன் முகவரிப் பட்டையில் "ஓப்பரா:கான்ஃபிக்" என்று அடித்து, கீழே ஒரு அமைப்பை மாற்றினால்தான் எழுத்துகள் படமாக வந்து படிக்க முடியும். இதைச் செய்து படித்தவர்களின் ஆர்வத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் படிக்க மட்டும்தான் முடிந்தது, நீளமாகத் தட்டச்சு செய்ய முடியவில்லை. செல்லினம் போன்ற செயலிகள் வந்து கைபேசியில் தமிழ் எழுதுவது எளிதான நேரத்தில் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் எல்லோர் கையிலும் இருந்தன. புதிதாக எழுத வந்தவர்கள் நேராக அங்கேதான் எழுதத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபோது லட்சக்கணக்கில் புதிய தமிழர்கள் இணையத்துக்கு வந்தார்கள். அவர்களில் பலர் வலைப்பதிவு என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு ஆதரவு அறிவித்தது 2018 பிப்ரவரியில். பதிவுலகம் உச்சத்தில் இருந்த காலம் முழுக்கத் தமிழில் எழுதி விளம்பர வருமானம் பார்க்க முறையான வழியே இல்லை. எழுத்தைத் தொழிலாக்க நினைத்தவர்கள் பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் போனார்கள். ஆனந்த விகடன் தன் வரவேற்பறைப் பகுதியில் பதிவுகளை அறிமுகம் செய்தது, பலருக்கு அது அச்சு உலகத்துக்கான வாசலாக இருந்தது. சமையல் எழுதியவர்கள் யூடியூபுக்கும், தொடர்கதை எழுதியவர்கள் 2014-ல் தொடங்கிய கதைத் தளமான பிரதிலிபிக்கும் போனார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை. திறமை வளர்ந்து வெளியே போவது ஒரு கூட்டத்துக்குப் பெருமைதான், பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தால்.

திரட்டிகளின் நிலைமை என்ன? சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள், தங்கள் மாலை நேரத்தில் வழங்கியைப் (சர்வரை) பராமரித்து, அதற்கான செலவையும் பார்த்துக்கொண்டு, எல்லாத் தரப்பிடமும் திட்டும் வாங்கினார்கள். ஒரு பதிவை நீக்கினால் சர்வாதிகாரம், நீக்காவிட்டால் உடந்தை. தேன்கூட்டை உருவாக்கி நடத்தியவர் 2007-ல் இளம் வயதிலேயே காலமானார். மாதாந்திரப் போட்டிகள் வைத்து எத்தனையோ பேரைச் சிறுகதை எழுத வைத்த தளம் அது. அவருக்குப் பின் அதே வேகத்தோடு அதை எடுத்துச் செல்ல ஆள் அமையவில்லை. ஒரு மனிதரின் உழைப்பில் நிற்கும் இடங்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. தமிழ்மணத்தைப் பின்னாளில் ஒரு குழு ஏற்று நடத்தியதால்தான் அது அத்தனை ஆண்டு தாங்கியது.

வேறு மாதிரியான சரிவும் உலகத்தில் உண்டு. 1999-ல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடங்கிய லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம், 2005-ல் சிக்ஸ் அபார்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2007 மே மாதம் முன்னறிவிப்பு இல்லாமல் சில நூறு கணக்குகளை முடக்கினார்கள், அதில் இலக்கியம் பேசிய குழுக்களும் புனைகதை எழுதியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் தளம் ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்குக் கை மாறியது. அங்கே தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துப் புனைகதை எழுதிய ரசிகர்கள் புலம்பியதோடு நிற்கவில்லை. 2007-லேயே லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கி, 2009-ல் தங்கள் கதைகளுக்கென்று சொந்தக் காப்பகத்தைத் திறந்தார்கள். அது இன்றும் பெரிதாக இயங்குகிறது. நம் பதிவர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு, அவர்கள் ஒன்றாகக் கிளம்பி ஒரே இடத்துக்குப் போனார்கள். நாம் ஒவ்வொருவராக, ஆளுக்கொரு பக்கம் போனோம்.

தமிழிலேயே எதிர் உதாரணமும் இருக்கிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் நடத்தும் யாழ் இணையத்தின் கருத்துக்களம் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. அங்கே சண்டை இல்லையா? தமிழ்மணத்தில் நடந்ததைவிடக் காரமாகவே நடக்கும். ஆனால் எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன, அவற்றைச் செயல்படுத்த மட்டுறுத்துநர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பகுதி இருக்கிறது, அங்கே பழையவர்கள் வந்து வரவேற்கிறார்கள். முக்கியமாக, ஊரைப் பிரிந்தவர்களுக்கு ஊரைப் பற்றிப் பேச ஒரு இடம் வேண்டும் என்ற தேவை குறையவே இல்லை.

சரி, மறுபடி கொண்டுவர முடியுமா? அதே அளவில், எல்லாரும் எல்லாவற்றையும் பற்றி எழுதும் ஒரே திரட்டியாக முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் முடியும்: கல்வெட்டு, மாடித்தோட்டம், குழந்தைகளுக்கான கதை, ஒரு வட்டாரத்தின் வரலாறு, எதுவாகவும் இருக்கலாம். தொடங்குகிறவர்களுக்கு என் யோசனைகள்: முகப்பில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு இடுகைக்கு மேல் காட்டாதீர்கள். ஓட்டு வேண்டாம். கடைசியாகப் பேச்சு நடந்த இடுகைகளின் பட்டியல் கட்டாயம் வேண்டும். முதல் ஐந்து இடுகை எழுதும்வரை புதியவர்களுக்குத் தனிப் பகுதி கொடுத்து, அங்கே ஒவ்வொன்றும் மூன்று நாளாவது நிற்கும்படி செய்யுங்கள். அந்தப் பகுதியைப் படித்து உண்மையாகவே இரண்டு வரி எழுத, வாரம் ஒருவர் முறை வைத்துப் பொறுப்பேற்கட்டும். மட்டுறுத்துநர்களில் பெண்கள் இருக்க வேண்டும், புகார் வந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். தளத்தின் பெயரும் கடவுச்சொற்களும் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. எழுதியவர்கள் தங்கள் எழுத்தை எப்போது வேண்டுமானாலும் மொத்தமாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கட்டும்.

நடத்துகிறவர்கள் மாதாமாதம் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண். எத்தனை பேர் வந்து படித்தார்கள் என்பதையும், எத்தனை இடுகை வந்தது என்பதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவை இரண்டும் சரிவு தொடங்கி ரொம்ப நாள் வரை நன்றாகவே இருக்கும். போன மாதம் முதல் இடுகை எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் இரண்டாவது எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எழுதாதவர்களின் முதல் இடுகையைத் திறந்து, அதன் கீழே யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் காலியாக இருக்கும். அவர்களுக்கு நீங்களே ஒரு பதில் எழுதுங்கள், ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.